மன்ற வாசலில் ஆறாண்டு!

1880-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில் பொதுத் தேர்தல் நடந்தது. நார்தாம்ப்டன் என்னும் ஊரின் வாக்காளர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்து இலண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஹென்றி லபூஷேர். மற்றவர் சார்லஸ் பிராட்லா. இருவருக்குமே மத நம்பிக்கை கிடையாது. லபூஷேர் வழக்கப்படி சத்தியப் பிரமாணம் செய்தார்; தம் இடத்தில் அமர்ந்தார்; அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிராட்லாவோ, தாம் நம்பாத கடவுளின் பெயரால் ஆணையிடுவது முறையாகாது, அதற்குப் பதில் உளமார உறுதி கூற இடமளிக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான்! அந்த இருக்கையில் அவர் தடையின்றி அமர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் சிறைப்பட்டார், வழக்குகளில் சிக்கினார், போலீசாரால் இழுத்தெறியப்பட்டார், மீண்டும் மீண்டும் தேர்தலில் நின்று வென்றார்.

உள்ளத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் உதட்டால் உச்சரித்தவருக்குக் கதவு திறந்தது. உள்ளத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னவருக்குக் கதவு அடைபட்டது. ஓர் அரசாங்கம் மதத்தைத் தன் வாயிற்காப்போனாக வைத்துக் கொண்டால் நடப்பது இதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? பிராட்லா நாத்திகர் என்பதற்காக மட்டும் நாம் அவர் வரலாற்றை இங்கே எடுத்துரைக்கவில்லை. நாத்திகனுக்கு ஆட்சி மன்றத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்குள்ளே, ஆட்சிக்கு மதம் இருக்கலாமா என்ற பெரிய கேள்வி அடங்கிக் கிடக்கிறது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் அவர்.

ஐயம் கேட்ட சிறுவன்

1833-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், இலண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழை எளியோர் நெருங்கி வாழ்ந்த ஹாக்ஸ்டன் என்ற இடத்தில் பிராட்லா பிறந்தார். தந்தை வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. மகனின் பள்ளிப் படிப்பு பதினோரு வயதோடு முடிந்தது. தந்தை வேலை பார்த்த இடத்திலேயே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். பின்னர் நிலக்கரி வியாபாரி ஒருவரிடம் கணக்கு வேலை கிடைத்தது.

அந்த நாளில் அவனைப் போலப் பக்தி உள்ள சிறுவனைக் காண்பது அரிது. மாதாகோவிலின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அவன் உயர்ந்திருந்தான். பிஷப் வருகை தரப் போகிறார், அவர் முன்னிலையில் மாணவர்கள் நன்றாக விடை சொல்ல வேண்டும் என்று பாதிரியார் பாக்கர் அவனைத் தயார்படுத்தினார். பையனும் ஊக்கத்தோடு உட்கார்ந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படித்தான். ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. நாத்திகம் பேசும் நோக்கம் அப்போது அவனுக்கு எள்ளளவும் இல்லை. ஐயத்தைத் தீர்த்து வைக்குமாறு பணிவோடு பாதிரியாருக்கே கடிதம் எழுதினான்.

பாதிரியார் ஐயத்தைத் தீர்க்கவில்லை. பையன் நாத்திகனாகிவிட்டான் என்று தந்தைக்குப் புகார் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் சொல்லும் பணியிலிருந்து மூன்று மாதம் விலக்கினார். அப்படி விலக்கப்பட்டதால் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் பையன் பானர்ஸ் பீல்ட்ஸ் என்ற திறந்த வெளிக்குப் போனான். அங்கே ஞாயிறுதோறும் தொழிலாளர்கள் கூடி மதத்தையும் அரசியலையும் பற்றி வாதிடுவார்கள். முதலில் மதத்தின் பக்கம் நின்று வாதாடியவன், நாளடைவில் மறுபக்கம் வந்து சேர்ந்தான். மூன்று நாளுக்குள் கருத்தை மாற்றிக் கொள்ள வேண்டும், இல்லையேல் வேலை போய்விடும் என்று கெடு வைக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவன் கருத்தோடு வெளியேறினான். வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. வயது பதினாறு!

கேட்ட கேள்விக்கு விடை சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் திருச்சபையின் தொண்டராகவே வாழ்ந்து மறைந்திருக்கக் கூடும். கேள்வியைக் கேட்டவனைத் துரத்தினால் கேள்வி போய்விடும் என்று எண்ணினார்கள். எல்லா நாட்டு வைதிகர்களுக்கும் உள்ள பொது நோய் இது.

வீதியில் நின்றவருக்குப் புகலிடம் தந்தவர், ரிச்சர்டு கார்லைல் என்ற பகுத்தறிவுப் போராளியின் துணைவியார். தாமஸ் பெயினின் நூலை அச்சிட்டதற்காகப் பல ஆண்டு சிறையில் வாடியவர் அந்தக் கார்லைல். 1850-இல் பிராட்லா முதல் பொதுக்கூட்டத்தில் பேசினார். முதல் துண்டு நூலையும் எழுதினார். ஆனால் பகுத்தறிவு வயிற்றுக்குச் சோறிடவில்லை. சிறு கடன் ஒன்று கழுத்தை நெரித்தது. நண்பர்களிடம் கையேந்த மனமின்றி அதே ஆண்டு இறுதியில் பட்டாளத்தில் சேர்ந்தார். குதிரைப் படையாளாக அயர்லாந்தில் மூன்றாண்டு இருந்தார். நிலச்சுவான்தார்களின் பிடியில் அயர்லாந்துக் குடியானவர்கள் பட்ட பாட்டை அங்கேதான் கண்ணால் கண்டார். பிற்காலத்தில் அடிமைப்பட்ட நாடுகளுக்காக அவர் பேசியதற்கு வித்து அங்கே விழுந்தது.

சிலை உடைப்போன்

1853-இல் பட்டாளத்தை விட்டு வந்தவர் மீண்டும் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவானார். பகலில் வேலை, இரவில் மேடை. வேலை கொடுத்தவருக்குத் தம்மால் சங்கடம் நேரக் கூடாது என்பதற்காகப் புனைபெயர் ஒன்றை வைத்துக் கொண்டார். சிலை உடைப்போன் என்பது அப்பெயரின் பொருள். அந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. பேசப் போன இடங்களில் மண்டபம் தர மறுத்தார்கள்; கல்லெறிந்தார்கள். 1861-இல் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பேச வாய் திறந்ததுமே போலீசார் கைது செய்தார்கள். அவர் விடவில்லை. சட்டம் படித்த மூளையல்லவா? அடுத்த முறை அவ்வூர் அதிகாரிகளின் எல்லைக்கு அப்பால், தண்ணீரில் ஒரு படகை நிறுத்தி அதில் நின்று பேசினார். மக்கள் கரையில் நின்று கேட்டார்கள். போலீசாரும் கரையில் நின்று கேட்க வேண்டியதாயிற்று!

1860-இல் நேஷனல் ரிபார்மர் என்ற ஏட்டின் ஆசிரியரானார். 1866-இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். முடியாட்சி வேண்டாம் என்றார். பிரபுக்களுக்குப் பரம்பரை பரம்பரையாக மக்கள் பணத்தில் கொடுத்து வந்த உபகாரச் சம்பளத்தை நிறுத்த வேண்டும் என்றார். தொழிலாளிக்கு ஓட்டு வேண்டும் என்றார். அவரது ஏட்டை ஒடுக்க அரசாங்கம் ஒரு பழைய பத்திரிகைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து ஜாமீன் கேட்டது. அவரே நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். வழக்கு கைவிடப்பட்டது, 1869-இல் அந்தச் சட்டமே ஒழிந்தது.

அவரைப் பற்றிக் கட்டிவிட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. மேடையில் கடிகாரத்தை எடுத்து வைத்துக் கொண்டு, கடவுள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தம்மைக் கொல்லட்டும் என்று அறைகூவினார் என்பது அவற்றுள் பெயர் பெற்ற கதை. அப்படி அவர் ஒரு நாளும் செய்ததில்லை. வாழ்நாள் முழுவதும் மறுத்தார்; பரப்பியவர்கள்மீது வழக்கும் போட்டார். ஆனாலும் கதை ஓயவில்லை. பகுத்தறிவாளன் சொன்னதை மறுக்க முடியாதபோது, அவன் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி மறுப்பது பழைய தந்திரம். நம் நாட்டிலும் அதன் சுவையை நாம் அறிவோம்.

சாட்சிக் கூண்டும் மதமும்

பார்லிமெண்டுக்குப் போகும் முன்பே சத்தியப் பிரமாணம் அவரை வழிமறித்தது. அந்நாளில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் சாட்சி சொல்பவர் பைபிளின்மீது ஆணையிட வேண்டும். கடவுளையும் மறுமைத் தண்டனையையும் நம்பாதவர் ஆணையிடத் தகுதியற்றவர்; ஆகவே சாட்சி சொல்லத் தகுதியற்றவர். இதன் பொருள் என்ன? நாத்திகன் வீட்டில் திருடு போனால் அவன் சாட்சி சொல்ல முடியாது. அவனுக்கு வர வேண்டிய கடனை ஒருவன் ஏமாற்றினால், கூண்டில் ஏறி உண்மையைச் சொல்ல முடியாது. பிராட்லாவுக்கே இது நேர்ந்தது. அவருக்குச் சேர வேண்டிய பணம், அவர் நம்பிக்கையற்றவர் என்ற ஒரே காரணத்தால் கிடைக்காமல் போயிற்று. நான் நம்புகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் சொல்லும் மற்ற உண்மைகளை நீதிமன்றம் ஏற்றிருக்கும்!

அவர் விடாமல் வழக்காடினார். நாடெங்கும் கிளர்ச்சி செய்தார். 1869-இலும் 1870-இலும் சட்டம் திருத்தப்பட்டது. ஆணையிட மனமில்லாதவர் உறுதி கூறிச் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று. நீதிமன்றக் கதவு திறந்தது. ஆட்சி மன்றக் கதவு மட்டும் மிச்சம் இருந்தது.

இடையில் 1877-இல் இன்னொரு பெரும் வழக்கு வந்தது. பிள்ளைப் பேற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளை விளக்கி அமெரிக்க டாக்டர் நோல்டன் எழுதிய சிறு நூலை, பிராட்லாவும் அன்னி பெசண்டு அம்மையாரும் சேர்ந்து வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்கள் வரிசையாகப் பிள்ளை பெற்று வறுமையில் வதைவதைக் கண்டு செய்த வேலை அது. ஆபாசம் என்று வழக்கு வந்தது. இருவருக்கும் ஆறு மாதச் சிறை, ஆளுக்கு 200 பவுன் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. மேல் நீதிமன்றம், குற்றப்பத்திரிகை சரியாக எழுதப்படவில்லை என்று தீர்ப்பை ரத்துச் செய்தது. ஆனால் இந்த வழக்கைக் காட்டியே பெசண்டு அம்மையாரிடமிருந்து அவர் பெற்ற மகளைப் பிரித்தார்கள். அதே அம்மையார் பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்து, சென்னை அடையாற்றில் அமர்ந்து வேறு வழியில் நடந்தார் என்பது நாடறிந்த செய்தி. பிராட்லா தம் வழியிலிருந்து விலகவில்லை.

தொழிலாளர் ஊரின் தீர்ப்பு

நார்தாம்ப்டன் காலணி தைக்கும் தொழிலாளர் நிறைந்த ஊர். 1868-இல் பிராட்லா முதன்முதலாக அங்கே நின்று தோற்றார். அவருடைய தேர்தல் நிதிக்குப் பத்துப் பவுன் அனுப்பினார் தத்துவப் பேரறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில், அந்தப் பத்துப் பவுனைக் காட்டியே மில்லுக்கு எதிராக அவரது தொகுதியில் கூச்சல் கிளப்பினார்கள், மில்லும் தோற்றார். 1874-இல் பொதுத் தேர்தலிலும் இடைத் தேர்தலிலும் பிராட்லா மீண்டும் தோற்றார். பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1880-இல்தான் வென்றார்.

மே மாதம் 3-ஆம் நாள் மன்றத்துக்கு வந்து, நீதிமன்றத்தில் ஏற்கப்படும் உறுதிமொழியை இங்கும் ஏற்க வேண்டும் என்று கேட்டார். ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் இரு தரப்பும் சமமாகப் பிரிந்தன. தலைவரின் ஒரு வாக்கால் உரிமை மறுக்கப்பட்டது. சரி, சட்டம் வேறு வழி விடவில்லையானால் சத்தியப் பிரமாணத்தையே செய்து, அதன் கடமைக்குக் கட்டுப்படுகிறேன் என்றார். அதற்கும் விடவில்லை! நாத்திகன் சத்தியம் செய்தால் அது செல்லாது என்றார்கள். உறுதி கூறவும் கூடாது, ஆணையிடவும் கூடாது. பிறகு அந்த ஆறாயிரத்துக்கும் குறைவில்லாத வாக்காளர் ஊருக்கு மன்றத்தில் வாய் எது?

நம்பாத சொற்களைச் சொல்ல அவர் முன்வந்தது சரியா என்று அவர் தோழர்களிலேயே சிலர் கேட்டார்கள். பகுத்தறிவு இயக்கத்தின் மூத்தவரான ஹோலியோக்குக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கேள்வியை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அவர் முதலில் கேட்டது உறுதிமொழியைத்தான். அது மறுக்கப்பட்ட பிறகு, தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமைக்காகச் சட்டம் விதித்த சடங்கைச் செய்ய முன்வந்தார். அந்தச் சொற்களில் கடவுளைப் பற்றிய பகுதி தமக்குப் பொருளற்றது என்பதையும் ஏடுகளில் எழுதி வெளிப்படையாகவே அறிவித்தார். யாரையும் ஏமாற்றவில்லை. குறை இருந்ததென்றால் அது, நேர்மையானவனை இப்படி ஒரு நெருக்கடியில் நிறுத்திய சட்டத்தின் குறை.

ஜூன் 23-ஆம் நாள் மன்றத்தின் முன் நின்று தம் வழக்கை எடுத்துரைத்தார். வெளியேற மறுத்ததால் கைது செய்து, பிக் பென் மணி தொங்கும் கோபுரத்தில் அடைத்தார்கள். மறுநாள் விடுவித்தார்கள். அந்தக் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்ட கடைசி ஆள் அவர்தான். ஜூலையில், வழக்கு வந்தால் அவரே பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதி கூற விட்டார்கள். அவர் அமர்ந்து முதல் வாக்கைப் போட்டதுமே வழக்குத் தொடுத்தார்கள். ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் தண்டம் என்பது சட்டம். 1881-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, இடம் காலியானது. நார்தாம்ப்டன் தொழிலாளிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

1881 ஆகஸ்டு 3-ஆம் நாள் அவர் மன்றத்துக்குள் நுழைய முயன்றார். காவலர்களும் சபை ஏவலர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் சூழ்ந்து, படிகளில் இழுத்து வந்து முற்றத்தில் தள்ளினார்கள். ஆறடி உயர ஆஜானுபாகு. கோட்டு கிழிந்தது, கைத் தசைகள் சிதைந்து பல நாள் துன்புற்றார். வெளியே அவருக்காக மனுக்களை ஏந்தி வந்த கூட்டம் கொதித்து நின்றது. ஒரு சொல் போதும், அன்று அங்கே இரத்தம் ஓடியிருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சட்டத்தின் வழியே வந்தவர், சட்டத்தின் வழியே வெல்வது என்று திரும்பினார்.

1882 பிப்ரவரியில் தம் பையிலிருந்து பைபிளை எடுத்துத் தாமே பிரமாணத்தைப் படித்துக் கையெழுத்திட்டார். மன்றம் அவரை நீக்கியது. ஊர் மீண்டும் அனுப்பியது. 1884-இலும் அதே போராட்டம், அதே தீர்ப்பு. 1885 பொதுத் தேர்தலையும் சேர்த்தால், ஆறு ஆண்டுக்குள் ஐந்து முறை அந்தத் தொழிலாளர் ஊர் ஒரே பெயரைச் சொன்னது. அந்தத் தொழிலாளர்கள் எல்லோரும் நாத்திகர்களா? இல்லை. அவர்களில் மிகப் பலர் மாதாகோவிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். தங்கள் பிரதிநிதி யாரென்று முடிவு செய்வது தாங்களா, மன்றத்தில் உள்ள கனவான்களா என்பதே அவர்கள் கேள்வி.

பக்தரும் பக்தரும் எதிரெதிரே

இந்தப் போரை நாத்திகருக்கும் ஆத்திகருக்கும் நடந்த போர் என்று எண்ணுவது பிழை. பிராட்லாவை எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் ராண்டால்ப் சர்ச்சில் பிரபு. அவர் மகன்தான் பிற்காலத்துப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். கடவுளைக் காப்பதைவிடக் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையைக் கவிழ்ப்பதிலேதான் அவருக்கு நாட்டம். கத்தோலிக்கக் கர்தினால் மானிங் வெளியிலிருந்து எதிர்ப்புக்குத் தீ மூட்டினார். இதிலே ஒரு விந்தை உண்டு. 1829 வரை கத்தோலிக்கருக்கே அந்த மன்றத்தில் இடம் இல்லை! குவேக்கர் பிரிவினர் ஆணையிட மாட்டார்கள் என்பதால் 1833-இல்தான் உறுதி கூறி உள்ளே வந்தார்கள். யூதரான ரோத்சைல்டு 1847-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, கிறிஸ்தவப் பிரமாணம் செய்ய மறுத்ததால், 1858-இல்தான் அமர முடிந்தது. நேற்று வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்ததும், இன்று வந்தவனைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள்!

பிராட்லாவுக்கு ஆதரவாக எழுந்தவரோ, ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர் என்று உலகம் அறிந்த பிரதமர் கிளாட்ஸ்டன். 1883-இல் உறுதிமொழி மசோதாவைக் கொண்டு வந்து, தம் வாழ்நாளின் மிகச் சிறந்த உரைகளுள் ஒன்றை ஆற்றினார். ஏதோ ஒரு கடவுளை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டால் கிறிஸ்துவை மறுப்பவரும் உள்ளே வரலாம், ஒன்றையும் நம்பாதவர் மட்டும் வரக் கூடாது என்பது கிறிஸ்தவத்துக்குப் பாதுகாப்பே அல்ல. இந்தச் சண்டையால் மதத்தின் மதிப்புத்தான் குலைகிறது என்று அவர் வாதிட்டார். 289 பேர் ஆதரித்தனர். 292 பேர் எதிர்த்தனர். மூன்று வாக்கில் மசோதா தோற்றது. அதே ஆண்டில் பிரீதிங்கர் ஏட்டின் ஆசிரியர் பூட் என்பவர், மத நிந்தனைக் குற்றத்துக்காக ஓராண்டுச் சிறைக்குப் போனார். அதே வழக்கில் பிராட்லாவையும் சிக்க வைக்கப் பார்த்தார்கள். அவர் தனியே வாதாடி விடுதலையானார்.

கடைசியில் வழி பிறந்தது எளிதாக. 1886 ஜனவரி 13-ஆம் நாள் புதிய பார்லிமெண்டு கூடியபோது சபாநாயகர் பீல், உறுப்பினர் ஒருவர் பிரமாணம் செய்வதைத் தடுக்கவோ, அவர் உள்ளத்தை விசாரிக்கவோ எவருக்கும் உரிமை இல்லை என்று தீர்த்துச் சொன்னார். பிராட்லா பிரமாணம் செய்து அமர்ந்தார். வானம் இடிந்து விழவில்லை. உள்ளே நுழைந்தவர் தம் வழியை மட்டும் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கவில்லை. 1888-இல் அவர் கொண்டு வந்த சட்டம் நிறைவேறியது. மத நம்பிக்கை இல்லாதவரும், மத நம்பிக்கையின் காரணமாகவே ஆணையிட மறுப்பவரும், மன்றத்திலும் நீதிமன்றத்திலும் உறுதி கூறலாம் என்று ஆயிற்று. தாம் பட்ட பாட்டைத் தமக்குப் பின் வருபவன் படக் கூடாது; அவன் பக்தனாயினும் சரி என்பது அவர் நோக்கம். மத நிந்தனைச் சட்டத்தை ஒழிக்கவும் மசோதா கொண்டு வந்தார், அது தோற்றது. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் ஒழிய 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய எல்லாக் கருத்தும் நமக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டோம். அவர் சமதர்மத்தை ஏற்றவர் அல்லர். ஹைண்டுமன் போன்ற சமதர்மவாதிகளோடு மேடையில் மோதியவர். தனி மனிதனின் முயற்சியிலே அவர் வைத்த நம்பிக்கை, முதலாளியின் பிடியில் சிக்கிய தொழிலாளிக்குப் போதுமான மருந்தாகாது என்பதே நம் கருத்து. ஆனால் மனச்சான்றின் உரிமையில் அவர் காட்டிய வழிக்கு மாற்று இல்லை.

இந்தியாவின் உறுப்பினர்

மன்றத்தில் அமர்ந்ததும் அவர் எழுப்பிய குரல்களில் ஒன்று இந்தியாவின் குரல். நமக்கு அங்கே ஓர் உறுப்பினர் கூட இல்லாத காலத்தில், இந்தியாவின் உறுப்பினர் என்று அவரை அழைக்கும் நிலை வந்தது. 1889-இல் சிறுநீரக நோய் அவரைச் சாய்த்தது. உடல் தேறக் கடல் பயணம் மேற்கொண்டவர், அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாயில் நடந்த காங்கிரசு மாநாட்டுக்கு வந்தார். இந்தியச் சட்டசபைகளைச் சீர்திருத்தும் மசோதா ஒன்றை 1890-இல் பார்லிமெண்டில் கொண்டு வந்தார். அதைத் தள்ள முடியாமல்தான் அரசாங்கம் தானே ஒரு சட்டம் செய்ய முன்வந்து, 1892-இல் நிறைவேற்றியது.

1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். 27-ஆம் நாள் பார்லிமெண்டு கூடி, 1880-இல் அவரைத் தடுத்த தீர்மானத்தைத் தன் நடவடிக்கைக் குறிப்பிலிருந்தே அடித்துவிட முடிவு செய்தது. அந்தச் செய்தியை அறியும் நினைவு அவருக்கு இல்லை. 30-ஆம் நாள் கண் மூடினார். வயது 57. கடைசி நேரத்தில் மனம் மாறிக் கடவுளை ஏற்றார் என்று கதை கட்டுவார்கள் என்பதை அறிந்த மகள் ஹைபேஷியா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று செவிலியரின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வைத்தார். புரூக்வுட் இடுகாட்டில், அவர் விரும்பியபடியே, சடங்கும் இல்லாமல் சொற்பொழிவும் இல்லாமல் அடக்கம் நடந்தது. கூடி நின்ற பெருங்கூட்டத்தில் இலண்டனில் படித்த இந்திய மாணவர்கள் பலர். அவர்களில் ஒருவர், இருபத்தொரு வயதுச் சட்ட மாணவர் மோகன்தாஸ் காந்தி. கடவுளை உறுதியாக நம்பியவர், கடவுளை உறுதியாக மறுத்தவரின் கல்லறைக்கு மரியாதை செலுத்த வந்தார். இதுவன்றோ நாகரிகம்!

நம் வாசலில்

பிராட்லாவின் பெயர் தமிழகத்துக்குப் புதிதல்ல. அவர் மன்ற வாசலில் போராடிக் கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் இலௌகிக சங்கம் இயங்கி வந்தது. 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்ற தமிழ் ஏட்டின் வழியே அது பகுத்தறிவைப் பரப்பியது. சாதியையும் மூடச் சடங்கையும் எதிர்த்த அந்தத் தமிழர்கள் இலண்டன் இயக்கத்தைத் தோழமையோடு நோக்கினார்கள். இலாகூரில் பிராட்லாவின் பெயரால் எழுந்த மண்டபத்தில்தான் தேசியக் கல்லூரி நடந்தது. அதில் படித்தவர் பகத்சிங். நாத்திகன் ஆனதேன் என்று அவர் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையை 1930-களில் தமிழாக்கியவர் ஜீவானந்தம். வெளியிட்டது பெரியாரின் பதிப்பகம். அதற்காக ஜீவாவும் ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், பதவியேற்பவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழியும் வைத்திருக்கிறது. 1967 மார்ச் 6-ஆம் நாள் பேரறிஞர் அண்ணாவும் அவர் அமைச்சர்களும் உளமார உறுதி கூறிப் பதவியேற்றார்கள். எவரும் அவர்களை இழுத்து வெளியே தள்ளவில்லை. அந்த இரண்டாவது வழி தானாக முளைத்துவிடவில்லை. அது போன்ற ஒரு வழிக்காக ஒரு மனிதன் கோட்டுக் கிழியப் படியில் இழுபட்டிருக்கிறான் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் நினைவில் வைக்க வேண்டும்? பெற்ற உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது; ஆட்சியின் நடைமுறையிலும் இருக்க வேண்டும். 2023 மே 28-ஆம் நாள் புதுடில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. ஒரு மதத்தின் வேள்வி நடந்தது; நம் ஆதீனகர்த்தர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்கள்; சபாநாயகர் இருக்கையின் அருகே செங்கோல் நிறுத்தப்பட்டது. ஆதீனங்களுக்கு நாம் பகைவர் அல்லர். அவர்கள் மடத்தில் அவர்கள் வழிபாடு அவர்கள் உரிமை. நாம் கேட்பது ஒன்றே. அந்த மண்டபம் எந்த மதத்தவருடையது? இந்து வரி செலுத்துகிறான். முஸ்லிம் வரி செலுத்துகிறான். கிறிஸ்தவனும் சீக்கியனும் பவுத்தனும், ஒன்றையும் நம்பாதவனும் வரி செலுத்துகிறார்கள். எல்லோர் காசிலும் எழுந்த வீட்டின் வாசலில் ஒருவருடைய சடங்கை மட்டும் நிறுத்தினால், மற்றவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். வீட்டுக்காரனை விருந்தாளியாக்குவது எந்த நீதி?

பிராட்லா மாதாகோவில்களை இடிக்கச் சொல்லவில்லை. மன்றத்தின் வாசலில் மாதாகோவிலைக் காவல் நிறுத்தாதே என்றார். நம்புகிறவன் நம்பட்டும், மறுக்கிறவன் மறுக்கட்டும், ஆட்சி இருவர் உள்ளத்தையும் துருவாமல், இருவருக்கும் ஒரே வாசலைத் திறந்து வைக்கட்டும். இந்த எளிய நீதியை நிலைநாட்ட அங்கே ஓர் ஊர்த் தொழிலாளர்கள் ஐந்து முறை ஓட்டுச் சாவடிக்கு நடந்தார்கள். அந்த வாசல் இங்கே மெல்ல மெல்ல ஒருக்களிக்கப்படும்போது, நாமும் நடக்கச் சலிக்கக் கூடாது.